ஓபே உலா இறாலும் என் தொட்டி மூடியும்

இணைய அங்காடியில், தொட்டியில் வளர்க்கும் ஓபே உலா இறாலின் விலை இறங்கியிருக்கிறதாம். மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இருக்கும் கூட்டாளி ஒருவர், "அண்ணே, நீங்க வருஷக்கணக்கா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். சின்னது, சிவப்பு, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது, ஃபில்டர் வேண்டாம், பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். இதெல்லாம் அவருக்கே தெரியும், விற்பவர்கள் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அவர்கள் வாயே திறக்காத சங்கதி தொட்டி மூடி. நான் அதைப் பற்றித்தான் புலம்பப் போகிறேன்.

முதலில் இறாலுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். இதன் சொந்த ஊர் ஹவாய் தீவுகள். கடலோர எரிமலைப் பாறையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். மேலே பார்த்தால் கடலோடு தொடர்பே இருக்காது. அடியில் பாறை இடுக்கு வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும், நிலத்தடி நன்னீரும் வந்து கலக்கும். இன்றைக்கு ஓர் உப்பு, நாளைக்கு ஓர் உப்பு என்று மாறும் தண்ணீரிலேயே பிழைத்து வந்த இனம், அதனால்தான் இத்தனை கெட்டி. 1963-ல்தான் இதற்கு ஹாலோகாரிடினா ரூப்ரா என்று அறிவியல் பெயர் கிடைத்தது. ஹவாய் மீனவர்களுக்கு அதற்கு வெகுமுன்பே இது மீனை இழுக்கப் போடும் இரை. கொண்டுபோய் விட்ட திலாப்பியாவும் கப்பி மீனும் அங்கே பல குட்டைகளில் இதைத் துடைத்து எடுத்துவிட்டன. நம் ஊர்ச் சந்தையில் பொரித்து விற்கும் அதே திலாப்பியாதான்.

சரி, மூடிக்கு வருவோம். இந்த இறாலுக்குப் பிடித்த சூடு 20 முதல் 25 டிகிரி வரை. எனக்குப் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, மதியத்துக்கு மேல் வெயில் சுவரில் நேராக அடிக்கும், வரவேற்பறை 31, 32 என்று நிற்கும். இறால் தாங்கிக்கொள்ளும், ஆனால் நிறம் வெளுத்து, கல்லுக்கடியில் போய் உட்கார்ந்துவிடும். கண்ணாடி மூடி போட்டால் சூடு இறங்க வழியில்லை. மூடியை எடுத்துவிட்டு சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் திருப்பினால் இரண்டு டிகிரியாவது குறையும், சிவப்பும் திரும்பும். ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. உப்பின் அளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.010-ல் வைத்த தண்ணீர் கவனிக்காவிட்டால் மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

மூடி இல்லாவிட்டால் இன்னொரு வினை, கொசு. மீன் கிடையாது, நீரோட்டம் கிடையாது, வீட்டுக்குள் நிழலில் நிற்கும் தண்ணீர். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட நல்ல இடம் அமையுமா? உப்புத் தண்ணீரில் கொசு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த அளவு உப்பிலும் அது முட்டை போடும். சுகாதார அதிகாரிகள் வீடுவீடாக வந்து டார்ச் அடித்துப் பார்க்கும் ஊர் இது. புழு கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். அதற்காகக் கொசுப்புழு மருந்தைத் தொட்டியில் போடவும் பயம், இறாலும் சேர்ந்து போய்விடலாம். கீழே கொசுவுக்குப் புகை அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் நான் சன்னலை அடைத்து, தொட்டிக்கு மேல் ஈரத்துண்டும் போட்டுவிடுவேன்.

ஆக, மூடினால் சூடு, திறந்தால் கொசு, விசிறி போட்டால் உப்பு. இப்போது மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். காற்று போகிறது, கொசு போகவில்லை. ஆனால் வலை முழுக்க உப்புப் பூக்கிறது. தொட்டியின் விளிம்பில் முதலில் ஈரமாக ஒரு கோடு. அடுத்த நாள் அது வெள்ளை. அப்புறம் அதன்மேலேயே ஈரம் ஏறி, கண்ணாடிக்கு வெளியே வழிந்து, காய்ந்து, பொருக்காக நிற்கும். பழைய டச் அண்ட் கோ கட்டண அட்டையால் சுரண்டினால் கரகரவென்று உதிரும். உதிர்ந்ததைத் துடைத்தாலும் விரலில் பிசுபிசுப்பு போகாது. தொட்டி நிற்கும் பலகையின் ஒரு மூலை இன்று காலை உப்பிப்போய் ஒட்டுத்தாள் பெயர்ந்து கிடந்தது. விசிறியின் பிளக்கில் பச்சை பிடித்திருக்கிறது. இந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உப்பு கலக்காத சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். எங்கள் கடைவரிசையில் உள்ள ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் தண்ணீர் மெஷினில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. போத்தல் வாங்கினால் மினரல் தண்ணீர் வேண்டாம், சாதாரணக் குடிநீரை எடுங்கள். தொடக்கத்தில் தண்ணீர் தயாரிக்க, கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான் வேண்டும், சமையல் உப்பு ஆகாது. எனக்கு விற்றவர் வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னார், தினம் தீனி போடவும் சொன்னார், கூடவே தீனியையும் விற்றார். இரண்டும் தேவையில்லை. பாசி படிந்த எரிமலைக்கல் இருந்தால் அதுவே சோறு. மற்றபடி ஸ்பைருலினா என்ற பாசித் தூள் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, எப்போதாவது. மூடி முத்திரையிட்ட கண்ணாடிப் பந்தில் அடைத்துப் பரிசுப் பொருளாக விற்கிறார்களே, அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருப்பது வருஷக்கணக்கில் நடக்கும் பட்டினி.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முன்னங்கால் நுனியில் மயிர்க்கற்றை தெரியும். கல்லை அதால் துடைத்து வாயில் வைத்து, மறுபடி துடைத்து, அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே பசியாற மறந்திருக்கிறேன். முட்டை சுமக்கும் பெண் இறால் ஒரு மாதத்துக்கும் மேலாக இருட்டு இடுக்கில் காணாமல் போகும். செத்துவிட்டது என்றே நினைப்போம். அப்புறம் ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில், தலைகீழாகத் தொங்கியபடி தண்ணீரில் மிதக்கும், தூசு மாதிரி ஒன்று, துள்ளும். அது குஞ்சு. உடம்பிலேயே கரு உணவு இருப்பதால் ஆரம்பத்தில் அதற்குத் தீனிகூடப் போட வேண்டாம். அம்மா இன்னும் இதைக் கூனி என்றுதான் சொல்கிறார், பெலாச்சான் என்ற இறால் விழுது அரைக்கக்கூடக் காணாது என்பது அவர் கணக்கு. ஆனால் குஞ்சு பொரித்தால் முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான்.

தம்பி, என் பதில்: வாங்காதே. விலை இறங்கியது இறாலுக்குத்தான், பலகைக்கும் பிளக்குக்கும் இல்லை. அப்படியும் ஆசை அடங்கவில்லை என்றால் கடையில் காசைக் கொட்டாமல் ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி வா. என்னிடம் குட்டிகள் ஏராளமாக இருக்கின்றன, ஒரு போத்தலில் பிடித்துத் தருகிறேன். வருவதற்கு முன்னால் தொட்டியின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு வா, வலைச்சட்டத்தையும் இங்கேயே அடித்துவிடலாம்.