பிள்ளையை யார் கையில் கொடுக்கிறார்கள்?

மகளை பெங்களூரில் ஹென்னூர் பக்கம் ஒரு பெரிய இன்டர்நேஷனல் பள்ளியில் போட்டிருந்தோம். மகனுக்கு அங்கே சீட் கிடைக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி கன்னியாஸ்திரீகள் நடத்தும் கான்வென்ட்டில் யூகேஜி. ஒரு வருஷம் இரண்டையும் அருகருகே பார்த்துவிட்டு, மகளையும் கான்வென்ட்டுக்கே மாற்றிவிட்டோம்.

நீச்சல் குளம், ரோபோட்டிக்ஸ் லேப் எல்லாம் பெரிய பள்ளியில்தான். ஃபீஸ் கான்வென்ட்டில் பாதிகூட இல்லை. கேமரா இரண்டிலும் உண்டு. பஸ் விஷயத்தில் பெரிய பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன்: மஞ்சள் வண்டி, ஸ்பீடு கவர்னர், கூடவே ஒரு ஆயாம்மா. ஆனால் அந்த பஸ் 6:40-க்கு வந்துவிடும். மாலை ஐந்துக்குத் திரும்புகிற பிள்ளை எட்டு மணிக்குச் சோற்றுத் தட்டிலேயே தூங்கி விழும். இப்போது இருவரும் மாமனாரோடு நடந்தே போகிறார்கள்.

எங்களை மாற வைத்தது 2023 டிசம்பர் 1. பெங்களூரில் 60-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்த வெள்ளிக்கிழமை. கடைசியில் புரளிதான். ஆனால் அன்று காலை அது யாருக்குத் தெரியும்? மிரட்டல் வராத பள்ளிகளும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பின.

பெரிய பள்ளியில் ஆப்பில் ஓடிபி காட்டினால்தான் பிள்ளையை விடுவார்கள். அன்று ஆப் திறக்கவே இல்லை. கேட்டில் நெரிசல் கூடக்கூட, வந்தவர்களோடு அனுப்பிவிட்டார்கள். நான் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிற்கிறேன். பக்கத்து அபார்ட்மென்ட்காரர் என் மகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதே நேரம் கான்வென்ட்டில் வகுப்பு டீச்சர் ரிஜிஸ்டரோடு கேட்டில் நின்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மாமனார் போனதும் சிஸ்டர் எனக்கு போன்: "தாத்தா வந்திருக்காங்க, அனுப்பலாமா?" மாமனாருக்குக் கோபம். "தினம் பாக்குற மூஞ்சிதானேம்மா?" "உங்கள நல்லாத் தெரியும் தாத்தா. லிஸ்ட்ல பேர் இல்லியே."

மகளைச் சேர்க்கும் முன் ஒன்று கேட்டேன்: ஏதாவது தப்பு நடந்தால் என்ன செய்வீர்கள்? பெரிய பள்ளியில் முன்பு கேட்டபோது "உள்ளேயே விசாரிப்போம்" என்றிருந்தார்கள். சிஸ்டர் யோசிக்கவே இல்லை: "போலீஸ்தான். மறைச்சா நான் உள்ள போகணும்." குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டப்படி, கீழே வேலை செய்பவரின் அப்படிப்பட்ட குற்றத்தை நிறுவனத் தலைமை புகார் செய்யாவிட்டால் ஓராண்டு வரை சிறை. பாத்ரூம் போகும் வழியில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ என் இடுப்பு உயரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் கண்ணில் படும்படி.

மதம்? காலையில் ஜெபம் உண்டு. ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவர்களுக்கு நன்னெறி. எங்கள் வீட்டு விபூதியை யாரும் அழிக்கச் சொன்னதில்லை.

குறை இல்லாமல் இல்லை. வகுப்பில் 52 பேர். கவுன்சிலர் வாரத்தில் இரண்டே நாள். என் மகள் இன்னும் ஐந்தாவதுதான். பதின்வயதில் இந்தக் கண்டிப்பு ஒத்துவருமா என்று இப்போதே சொல்ல முடியாது.

மாமனார் பெயர் லிஸ்டில் ஏறிவிட்டது. ஒட்டியிருக்கும் போட்டோதான் அவருக்குப் பிடிக்கவில்லை.