ஆயுள்காலக் கிளவுட் திட்டம் என் மூன்று ஹார்ட் டிஸ்குகளையும் துடைத்த விதம்

தஞ்சாவூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகப் பக்க வடிவமைப்பு செய்து பிழைப்பவன் நான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விற்கும் கிளவுட் சேமிப்பை நம்பி, மூன்று இடங்களில் இருந்த மூன்று ஹார்ட் டிஸ்குகளை அதனோடு இணைத்து வைத்தேன். ஓர் இரவும் மறுநாள் காலையும் கழிவதற்குள் அவற்றில் இரண்டு முழுதாகவும் ஒன்று பாதியாகவும் காலியாயின. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே போன்ற திட்டம் பல பெயர்களில் விற்கப்படுகிறது என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வேலைக்கு ஒரே கோப்பு மூன்று இடத்தில் வேண்டும். பகலில் அலுவலகத்தில் விண்டோஸ் மேசைக் கணினி, இரவில் வீட்டில் ஒரு பழைய மேக், கும்பகோணத்தில் எனக்கு மெய்ப்புப் பார்த்துத் தரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவின் கணினி. மூன்றிலும் தனித்தனியே வெளி ஹார்ட் டிஸ்க். முன்பெல்லாம் பென் டிரைவைப் பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பிய காலமும் உண்டு. 2022 நவம்பரில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது: ஒருமுறை பணம் கட்டினால் ஆயுள் முழுவதும் 2 டிபி (2,000 ஜிபி) இடம், எத்தனை ஹார்ட் டிஸ்க் வேண்டுமானாலும் இணைக்கலாம், "எல்லா டிஸ்கிலும் ஒரே கோப்பு, எப்போதும் பாதுகாப்பான பேக்கப்". கடன் அட்டையில் ரூ. 19,600 கட்டினேன். யாருடைய ஆயுள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பெரிய நிறுவனங்களே இதில் நிலையாக நின்றதில்லை: மைக்ரோசாஃப்ட் தன் ஒன்டிரைவில் அளவில்லாத இடம் என்று கொடுத்ததை 2015-இல் 1 டிபியாகச் சுருக்கியது, அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது.

என்னிடம் இருந்தது 1.3 டிபி, ஏறத்தாழ 41,000 கோப்புகள். 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 29 மணி நேரத்தில் ஏறியிருக்க வேண்டியது, 19 நாள் பிடித்தது. அதாவது நொடிக்கு 6 மெகாபிட் சொச்சம்தான் அவர்கள் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். அதைக்கூடப் பெரிதுபடுத்தவில்லை. முதல் மாதத்திலேயே தென்பட்ட இன்னொரு கோளாற்றைத்தான் நான் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் கோப்புறைகளின் பெயர்களெல்லாம் தமிழில்தான் இருக்கும். சில நாள்களில் 'கோயில்', 'பொருளடக்கம்', 'தொகுப்பு' போன்ற பெயர்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கின. 'அட்டை', 'முன்னுரை' ஆகியவை மட்டும் ஒழுங்காக இருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்குள் வேறு வேறு. விண்டோஸ் நாம் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் வடிவமைத்த டிஸ்கோ, பெயரைப் பிரித்து இரண்டாவது வகையாக்கிச் சேமிக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் 'ஔ' என்ற உயிரெழுத்துக்கும் மட்டும்தான் இந்தச் சிக்கல். இரண்டும் ஒரே பெயர்தான் என்று அறிந்துகொள்ள வேண்டியது, எல்லா டிஸ்கிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் ஒத்திசைவு நிரலின் வேலை. இந்த நிரலுக்கு அது தெரியவில்லை. புகார் செய்தபோது, "கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்" என்று பதில் வந்தது. தமிழ்ப் புத்தகம் செய்பவனிடம் இப்படிச் சொன்ன அன்றே வெளியேறியிருக்கலாம். கட்டிய பணத்தை நினைத்து இருந்துவிட்டேன். இரண்டிரண்டாகத் தெரிந்த பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேன்.

இனி நடந்தது. 2024 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அலுவலகத்தில் மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே உயிரை விட்டிருந்ததால் கணினியும் அணைந்தது. மின்சாரம் வந்து கணினி மீண்டும் கிளம்பியபோது, வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த பென் டிரைவ் அதில் செருகியிருந்தது. ஹார்ட் டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் பென் டிரைவ் முந்திக்கொண்டு, விண்டோஸ் ஒவ்வொரு டிஸ்குக்கும் அடையாளமாகக் கொடுக்கும் ஆங்கில எழுத்துகளில் 'இ' (E) என்பதைப் பிடித்துவிட்டது. எப்போதும் 'இ' ஆக இருந்த என் ஹார்ட் டிஸ்க் 'எஃப்' (F) ஆகிவிட்டது. இதை நான் கவனிக்கவில்லை. கணினியை ஓடவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒத்திசைவு நிரல் வழக்கம்போல 'இ' டிரைவில் 'புத்தகங்கள்' என்ற கோப்புறையைத் தேடியிருக்கிறது. இல்லை என்றதும், நின்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், பென் டிரைவிலேயே அந்தப் பெயரில் வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொண்டு, நேற்று வரை 41,000 கோப்பு இருந்த இடத்தில் இன்று ஒன்றும் இல்லை, ஆகவே உரிமையாளர் அத்தனையையும் அழித்துவிட்டார் என்று முடிவுகட்டி, கிளவுடில் இருந்தவற்றை அகர வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் மேக் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கிளவுடைப் பார்த்துத் தன் டிஸ்கில் இருந்தவற்றை நீக்கியது.

காலையில் வீட்டு டிஸ்க் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே 'எஃப்' என்ற புதுப் பெயரில் ஹார்ட் டிஸ்க் முழுமையாக இருந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை. அந்த நிமிடத்தில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு டிஸ்கைக் கழற்றி மேசைக்குள் வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது. நான் செய்தது, பணம் கட்டியவன் செய்யக்கூடிய நியாயமான காரியம்: நிறுவனத்தின் உதவி அரட்டையைத் திறந்து கேட்டேன். நடந்ததை முழுவதும் விளக்கினேன். இருபது நிமிடம் கழித்து அந்தப் பக்கத்தில் இருந்தவர் தெளிவாக எழுதினார்: டிஸ்குக்கு மறுபடி 'இ' என்ற எழுத்தைக் கொடுங்கள், நிரலை மறுதொடக்கம் செய்யுங்கள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.

அப்படியே செய்தேன். நிறுத்தாதீர்கள் என்றதால், எதிர்க் கடையில் தேநீர் குடிக்கப் போனேன். நிரலோ, கிளவுடில் கோப்புகள் நீக்கப்பட்டிருப்பதையும் டிஸ்கில் அவை இன்னும் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, கிளவுட் சொன்னதே கடைசிக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, நல்ல நிலையில் இருந்த டிஸ்கையும் துடைக்கத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்தபோது அதன் சாளரத்தில் 'நீக்கப்பட்டது' என்ற வரிகள் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் மேலேறிக்கொண்டிருந்தன. கடைசி வரிகளில் 'வ' வரிசைக் கோப்புறைகள் ஓடின. எனக்கு அப்போதுதான் கும்பகோணம் நினைவுக்கு வந்தது.

"ஐயா, கம்ப்யூட்டர் போட்டுட்டீங்களா?"

"ஒன்பதரைக்கே போட்டுட்டேனே தம்பி. என்ன விஷயம்?"

"அந்தக் கம்பியைப் பிடுங்குங்க ஐயா, உடனே பிடுங்குங்க."

"எந்தக் கம்பியை?"

"எல்லாக் கம்பியையும்."

பிடுங்கிவிட்டார். அவருடைய கணினி பழையது, இணைப்பும் மெதுவானது என்பதால், அரை மணி நேரத்தில் நிரல் அகர வரிசையில் 'சி' என்று தொடங்கும் கோப்புறைகள் வரைக்கும்தான் வந்திருந்தது. அதற்குப் பிறகு வருபவை எல்லாம் அந்த டிஸ்கில் பிழைத்தன. வேகமான இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் இரண்டு ஆண்டாக அவரை வற்புறுத்திக்கொண்டிருந்தேன்.

'அ' முதல் 'சி' வரை கிளவுடின் குப்பைத் தொட்டியில் இருக்கும் என்று நம்பினேன், ஏனென்றால் விற்பனைப் பக்கத்தில் "நீக்கியவை 30 நாள் இருக்கும்" என்று போட்டிருந்தது. திறந்து பார்த்தால் 200 ஜிபிதான் இருந்தது. ஒப்பந்த விதிகளின் உள்ளே, நானோ நீங்களோ வாழ்நாளில் படிக்காத இடத்தில், இன்னொரு வரி இருந்தது: குப்பைத் தொட்டி திட்ட அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முதலில் நீக்கப்பட்டவை முதலில் நிரந்தரமாக அழிக்கப்படும். முதலில் நீக்கப்பட்டவை அகர வரிசையின் தொடக்கத்தில் இருந்தவை. ஆக, கும்பகோணத்தில் எவை போயினவோ அவையே கிளவுடிலும் போயிருந்தன. மிஞ்சிய 200 ஜிபியும் ஏற்கெனவே என் கையில் இருந்தவைதான்.

இதற்கு மேல் ஒரு தவறு என்னுடையது. பதற்றத்தில், மின்னஞ்சலில் தேடிக் கிடைத்த பழைய கோப்புகளை எல்லாம் அலுவலக ஹார்ட் டிஸ்கிலேயே இரண்டு மணி நேரம் இறக்கி வைத்தேன். காந்தத் தட்டு உள்ள ஹார்ட் டிஸ்கில் நீக்கிய கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. அதன் மேல் புதிதாக எழுதினால்தான் உண்மையில் போகும். திருச்சியில் தரவு மீட்கும் கடைக்காரர் டிஸ்கைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கப்புறம் இதுல ஏதாவது காப்பி பண்ணீங்களா சார்?" என்பதுதான். ரூ. 14,000 வாங்கிக்கொண்டு, போனவற்றில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுத் தந்தார். ஆனால் பெயரும் கோப்புறையும் இல்லாமல், வெறும் எண்களாக 12,000 கோப்புகள். அச்சுக்குப் போன பிடிஎஃப்கள் சிவகாசி அச்சகங்களிடம் இருந்து கொஞ்சம் திரும்பின. திருத்தக்கூடிய மூலக் கோப்புகள் பல திரும்பவே இல்லை. மறுபதிப்பு கேட்டு வரும் பதிப்பகங்களுக்கு இனி தொடக்கத்திலிருந்து பக்கம் கட்ட வேண்டும், அந்தக் கூலியை அவர்களிடம் கேட்கவும் முடியாது.

நிறுவனத்தின் பதிலைச் சொல்கிறேன். நீக்கும் கட்டளை என் கணினியிலிருந்தே வந்தது, நிரல் வடிவமைத்தபடியே நடந்தது, அரட்டையில் சொல்வது தகவலுக்காக மட்டுமே என்றார்கள். இழப்பீடு கேட்டதற்கு, தங்கள் பொறுப்பு "கடந்த 12 மாதங்களில் செலுத்திய தொகைக்கு" உட்பட்டது என்றார்கள். நான் செலுத்தியது 2022-இல். ஆயுள்காலத் திட்டம் வாங்கியவருக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து அவர்களின் பொறுப்பு சுழியம் என்பதை அந்த மின்னஞ்சலைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

"வடிவமைத்தபடியே" என்ற சொல்லை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் இந்த ஆபத்து புதிதும் அல்ல, தீர்க்க முடியாததும் அல்ல. வெளி டிஸ்கின் இணைப்பு அறுந்தால், டிஸ்க்தான் போயிற்று என்று உணரும் முன்பே நிரல் கோப்புகளை நீக்கத் தொடங்கும் சிறு வாய்ப்பு உண்டு என்று டிராப்பாக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஒத்திசைவு நிரலான சிங்க்திங், தான் கவனிக்கும் கோப்புறைக்குள் '.எஸ்டிஃபோல்டர்' என்ற அடையாளம் ஒன்றைப் போட்டு வைக்கிறது. அந்த அடையாளம் தென்படவில்லை என்றால் எதையும் நீக்காமல் நின்றுவிடும். மற்றோர் இலவச நிரலான ஆர்குளோனின் இருவழி ஒத்திசைவு, பாதிக்கு மேல் கோப்புகள் காணாமற்போயிருந்தால் வேலையை நிறுத்திவிடும். காசு வாங்காதவர்கள் வைத்த காவல், ரூ. 19,600 வாங்கியவர்களிடம் இல்லை.

இப்போது நான் செய்வது: ஒத்திசைவு நடப்பு வேலைக்கு மட்டும். முடிந்த புத்தகங்கள் ஒருவழியாக மட்டுமே படியெடுக்கப்பட்டு, எந்தக் கணினியோடும் இணையாத ஒரு டிஸ்கில் போய்ச் சேர்கின்றன. அதைக் கும்பகோணத்தில் ஐயா தன் இரும்பு பீரோவில் வைத்திருக்கிறார். வெளி டிஸ்குகளுக்கு விண்டோஸின் டிஸ்க் மேலாண்மைப் பகுதியில் 'பி', 'ஆர்' என்று பென் டிரைவ் எட்டிப் பிடிக்காத எழுத்துகளை நிலையாகக் கொடுத்துவிட்டேன். திட்டம் விற்பவர் யாராக இருந்தாலும், டிஸ்க் காணாமற்போனால் உங்கள் நிரல் என்ன செய்யும், குப்பைத் தொட்டிக்கு அளவு வரம்பு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அரட்டையை உடனுக்குடன் படமெடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்ததால்தான் புகாரில் இணைக்க முடிந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்ததற்குப் பயன் கிட்டவில்லை. 2024 செப்டம்பரில், அப்போது இருந்த இ-தாக்கில் என்ற அரசு இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பினேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். வாங்கிய பொருளோ சேவையோ 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும், ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

விற்பனைப் பக்கத்தில் "எப்போதும் பாதுகாப்பான பேக்கப்" என்ற வரி இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தையும் தேதியோடு படமெடுத்து ஆவணங்களில் சேர்த்திருக்கிறேன்.