சிபேப் மாஸ்க்குக்கு இன்சூரன்ஸா, கைக்காசா? நாலு வருஷ அனுபவம்

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். நாலு வருஷமாக ராத்திரி சிபேப் மெஷின் மாட்டித்தான் தூக்கம். தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க, டியூப், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் மெஷின் அது. அதற்கு முன்னால், அத்தனை தறிச் சத்தத்திலும் நின்றபடியே கண் சொருகும். “ஏனுங்க, தூக்கத்துல உங்களுக்கு மூச்சே நின்னு போவுதுங்க, தட்டி எழுப்புனாத்தான் வருது” என்று வீட்டில் அழுத பிறகுதான் கோயமுத்தூர் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து, தலை முதல் கால் வரை ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. 30 தாண்டினாலே தீவிரம்.

குடும்பத்துக்குப் பத்து வருஷமாகப் பிரீமியம் கட்டி வந்ததால் செலவைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. முதலில் அந்தப் பரிசோதனை பில்லே திரும்பி வந்தது. சிகிச்சை இல்லாமல், பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாதாம். அப்புறம் மெஷின் பில். அதற்கும் இல்லை. பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பணம் தர மாட்டோம் என்ற பட்டியலில், சிபேப் என்று பேர் போட்டே இருந்தது. பாலிசி எடுத்த அன்றைக்கு யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டவில்லை. மனசு ரொம்ப நொந்துபோனேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு 35-க்கு மேல் இருந்து, தூக்கத்தில் மூச்சுத்தடையும் தீவிரமாக இருந்தால், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு விதியில் இடம் இருக்கிறது. தினமும் ராத்திரி மூச்சைக் காப்பாற்றும் மாஸ்க்குக்கு இல்லை. இது மாறியே ஆக வேண்டும்.

சரி, கைக்காசு என்று முடிவாயிற்று. மெஷின் 48,000 ரூபாய். நாலு வருஷத்தில் ஒரு ரிப்பேர்கூட இல்லை. தொடர்ந்து செலவு வைப்பது மற்ற சாமான்கள்தான். எனக்கு வருஷத்துக்கு ஒரு முழு மாஸ்க் 6,500, இடையில் மாஸ்க்கில் முகத்தோடு படியும் சிலிக்கான் குஷன் ஒன்று 2,400, டியூப் 1,500, ஃபில்டர் மாதம் ஒன்று என்று 1,200. ஆக மொத்தம் 11,600.

ஃபில்டரை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு இருக்கிறது. வெள்ளையாகப் போட்ட ஃபில்டர் பதினைந்தே நாளில் சாம்பல் நிறமாகி, விரலால் தடவினால் மெல்லிசாகப் பஞ்சு திரண்டு வரும். ஆடிக் காற்றில் புழுதியும் சேரும். மெஷினைத் தறிக்கூடத்துப் பக்கத்து அறையிலிருந்து பின்கட்டு அறைக்கு மாற்றிய பிறகுதான் ஒரு ஃபில்டர் மாதம் முழுக்கத் தாங்குகிறது. காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தண்ணீர் டப்பாவுக்கு போர் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், அடியில் வெள்ளையாக உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் சரி.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். இன்சூரன்ஸ் தராத கோபத்தில், ஒரே குஷனைப் பதினாலு மாதம் ஓட்டினேன். சிலிக்கான் தொய்ந்து, மூக்குத் தண்டோரம் காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தது. பட்டையை இழுத்து இறுக்கியதில் மூக்கில் புண்ணாகிவிட்டது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுகிறது என்று மெஷின் திரையில் காட்டும் கணக்கு 2-லிருந்து 9-க்கு ஏறி, பகல் தூக்கமும் திரும்பி வந்தது. அந்த 2,400 ரூபாயை மிச்சம் பிடித்ததில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. இப்போது சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே 250 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன். சாமான் வாங்கும் நாளில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மச்சினர் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவனும் சிபேப்காரன். அங்கே முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரில் மாஸ்க் மூன்று மாதத்துக்கு ஒன்று, ஃபில்டர் மாதத்துக்கு இரண்டு என்று கணக்கு உண்டு. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ந்து 30 நாளில் 70 சதவீத ராத்திரியாவது 4 மணி நேரம் போட்டதை மெஷின் பதிவில் காட்ட வேண்டும். இவனுடையது கம்பெனி இன்சூரன்ஸ். “வருஷத்துல முதல்ல ஒரு தொகை வரைக்கும் நம்ம காசுதானுங்க மாமா. இன்சூரன்ஸ் வழியா போடுற பில்லைவிட நேரா வாங்குனா விலை கம்மி” என்றான். அவனும் குஷனைக் கைக்காசில்தான் வாங்குகிறான்.

அதற்காக நான் பாலிசியை விடவில்லை. நெஞ்சுவலி, பக்கவாதம் என்று படுத்தால் அதுதான் தாங்கும். புதுப் பாலிசி எடுப்பவர்கள் மூச்சுத்தடை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 2024 முதல் அதிகபட்சம் 3 வருஷம்தான். மறைத்தது தெரிந்தால் கிளெய்மே போய்விடும். வீட்டு மருத்துவக் கருவிகளுக்கு என்று கூடுதல் பிரீமியத்தில் தனி இணைப்பு இப்போது சில பாலிசிகளில் வருகிறது. அதை எடுக்கும் முன் மெஷினுக்கு மட்டுமா, மாஸ்க், டியூப், ஃபில்டருக்கும் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். நானும் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரை சனிக்கிழமை டப்பாதான்.