பண்ணை வேலையா, தொண்டு மணிக்கணக்கா? குவேக்கர் பள்ளிகளின் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளி என்றதும் பலர் சொல்வது வாஷிங்டனில் உள்ள சிட்வெல் ஃபிரண்ட்ஸ் பள்ளியைத்தான். கிளின்டனின் மகளும் ஒபாமாவின் மகள்களும் படித்த இடம். அதை மட்டும் வைத்து இந்தப் பள்ளிகளை எடைபோட முடியாது. கையால் உழைப்பதையும் ஊருக்குத் தொண்டு செய்வதையும் படிப்போடு எப்படிச் சேர்ப்பது என்பதில் குவேக்கர்கள் பல வழிகளில் போயிருக்கிறார்கள். அயோவாவின் ஸ்கேட்டர்குட் பள்ளியையும் பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஸ்கூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

அடித்தளம் இரண்டுக்கும் ஒன்றுதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் அது. ஒவ்வொருவருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது நம்பிக்கை. இந்தப் பள்ளிகள் பின்பற்றும் மௌன வழிபாட்டில் பாதிரியார் கிடையாது. யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ அவர் எழுந்து பேசலாம். வழிபாடு நடத்தவே தனி ஆள் வேண்டாம் என்றால், துடைப்பம் எடுக்க மட்டும் எதற்குத் தனி ஆள்?

ஸ்கேட்டர்குட் 1890இல் வெஸ்ட் பிராஞ்ச் ஊருக்கு அருகே தொடங்கப்பட்டது. மிகச் சிறிய விடுதிப் பள்ளி, அதோடு ஒட்டி ஓர் இயற்கை வேளாண் பண்ணை. பிள்ளைகள் குழு குழுவாகப் பிரிந்து சமையலறையிலும் பண்ணையிலும் வேலை செய்கிறார்கள். அங்கே விளைவது அவர்கள் தட்டுக்கே வருகிறது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1931இல் மூடிக் கிடந்த பள்ளிக் கட்டடத்தை 1939 முதல் 1943 வரை, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஐரோப்பியர்களுக்கான புகலிடமாகக் குவேக்கர்கள் நடத்தினார்கள். 185 பேர் அங்கே தங்கிப் போனார்கள். படித்தவர், வசதியாக வாழ்ந்தவர் என்ற வேறுபாடு இல்லாமல், வந்தவர்களும் தொண்டர்களும் சேர்ந்தே வீட்டு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தார்கள். உதவி செய்பவர், உதவி பெறுபவர் என்ற கோடு அங்கே அழிந்துபோனது. 1944இல் பள்ளி மறுபடி திறந்தது.

ஜார்ஜ் ஸ்கூல் வேறு மாதிரி. 1893இல் நியூடவுனில் தொடங்கியது. 240 ஏக்கர் வளாகம், ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம், பல நாடுகளிலிருந்து வரும் மாணவர்கள். வளாகத்துக்குள் ஆளுக்கொரு வேலை முறை அங்கும் இருக்கிறது. ஆனால் பள்ளி அழுத்திச் சொல்வது 65 மணி நேரத் தொண்டு வேலையை. அதை முடிக்காமல் பட்டயம் கிடையாது. அதிலும் மனிதர்களோடு நேரடியாகப் பழகும் தொண்டுக்குத்தான் முதலிடம்.

எனக்கு ஸ்கேட்டர்குட் வழிதான் பிடிக்கிறது. காரணம் எளியது. கோழிக்குத் தீனி வைக்க மறந்தால் கோழி பட்டினி கிடக்கும். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை. மணிக்கணக்கு வைத்தாலோ, 65ஐத் தொட்டதும் கடன் தீர்ந்தது என்ற நினைப்பு எங்காவது எட்டிப் பார்க்கும். இந்தச் சிக்கல் குவேக்கர்களுக்கு மட்டும் உரியதல்ல. மேரிலாந்து மாநிலம் 1992இல் அரசுப் பள்ளிகளில் 75 மணி நேரத் தொண்டு வேலையைக் கட்டாயமாக்கியது. ஐபி அமைப்போ இதற்கு நேர்மாறாக, தன் தொண்டுப் பகுதியில் முன்பு இருந்த 150 மணி நேரக் கணக்கையே கைவிட்டது.

ஆனால் ஜார்ஜ் ஸ்கூலுக்காகவும் வாதாட இடம் இருக்கிறது. பண்ணைப் பள்ளி எளிதில் தனக்குள்ளேயே சுருங்கிவிடும். தன் தட்டைத் தானே கழுவுவது நல்ல பழக்கம், சரி. அதனால் பக்கத்து ஊர் முதியவருக்கு என்ன பயன்? அறிமுகமே இல்லாத ஒருவரின் அறைக்குள் போய் உட்கார்ந்து பேசும் கூச்சம் எந்தப் பண்ணையிலும் தெளியாது. அப்புறம் பணம். சிறிய பள்ளி, நிலம், கால்நடை எல்லாவற்றையும் தாங்குவது லேசான காரியம் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஆசிரியர் வீடுகளிலேயே மாணவர்கள் தங்கிப் பண்ணை வேலை செய்த தி மீட்டிங் ஸ்கூல் 1957இல் தொடங்கி 2011இல் மூடப்பட்டது.

இரண்டையும் இணைக்கும் வழி வட கரோலினாவின் ஆர்தர் மார்கன் பள்ளியில் தெரிகிறது. 1962இல் எலிசபெத் மார்கன் தொடங்கியது. குவேக்கர் மரபோடு, பிள்ளைகள் தாமே செய்து கற்க வேண்டும் என்ற கல்வியாளர் மான்டிசோரியின் சிந்தனையும் கலந்தது. பிள்ளைகளுக்கு வயது 12 முதல் 15. விறகு வெட்டுவதும் சமைப்பதும் அன்றாடம். கூட்டத்தில் முடிவெடுக்க வாக்கெடுப்பு இல்லை, எல்லோரும் ஒத்துவரும்வரை பேசுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட வெளிப்பயணம் போய் வேறு ஊர்களில் உழைக்கிறார்கள். ஒரே குறை, ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. 1928இல் சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியராக வந்து, பிறகு குவேக்கரான மார்ஜரி சைக்ஸ், பின்னாளில் சேவாகிராமத்தில், கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்விக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

பிள்ளையைச் சேர்க்க இந்தப் பள்ளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத் தாளில் இருக்கும் மணிக்கணக்கைக் கேட்பதைவிட வேறு இரண்டைக் கேட்கலாம். பிள்ளைகள் ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்தால் பள்ளியில் எது நின்றுபோகும்? தொண்டு நடக்கும் இடத்தில் இருப்பவர்கள் அதே பிள்ளைகளை அடுத்த ஆண்டும் பார்ப்பார்களா? முதல் கேள்விக்கு ஸ்கேட்டர்குட்டிடம் உடனே பதில் இருக்கும். இரண்டாவதற்கு ஜார்ஜ் ஸ்கூல் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.