முத்துப்பேட்டை பயணம்: சித்தப்பாவோட பழைய போட்டு (படகு) மோட்டார உயிரோட மீட்ட கதை

இந்த தடவை ஜூன் ஸ்கூல் லீவுக்கு ஊருக்கு போனப்ப மொத்தம் பதினாறு நாள்ல அஞ்சு நாள் ஒரு போட்டு மோட்டாருக்கே போச்சு. வீட்டுல கொஞ்சம் கோவம்தான், ஆனா எனக்கு அந்த அஞ்சு நாளு வீணாப் போன மாதிரி தெரியல. நம்ம பக்கத்து ஊர்கள்ல எத்தனையோ வீட்டு கொட்டாய்ல இதே மாதிரி ஒரு பழைய மோட்டார் சாக்கு போட்டு மூடி கிடக்கு, அதுல பாதி உண்மையில செத்துப் போனது இல்லன்னு நம்புறேன், அதான் எழுதுறேன்.

சிங்கப்பூர்லேர்ந்து திருச்சி, அங்கேர்ந்து கார் புடிச்சு தஞ்சாவூர், மன்னார்குடி வழியா முத்துப்பேட்டை. ரோடு நல்லாருக்கு, அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல தொறப்பாங்க, தொறந்தாலும் நம்ம கடைமடைக்கு தண்ணி வந்து சேர நாளாகும், அதனால நான் போனப்ப கோரையாத்துல கடல் தண்ணிதான் ஏறி நின்னுச்சு, கரையில காஞ்ச உப்பு வெள்ளையா படிஞ்சிருந்துச்சு.

சித்தப்பாவுக்கு ஒரு சின்ன பைபர் போட்டு இருக்கு. அதுல மாட்டுறது 15 எச்பி டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. சுனாமிக்கு அப்புறம் வேதாரண்யம் பக்கம் ஒருத்தருக்கு நிவாரணத்துல வந்த மோட்டார், அவர்கிட்டேர்ந்து சித்தப்பா 2009ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனாரு. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்ச ராத்திரி கொட்டாய் அப்படியே இது மேல சாஞ்சுச்சு, மேல் மூடி ஒரு பக்கம் வெடிச்சதோட சரி, மோட்டார் தப்பிச்சுச்சு. சின்ன வயசுல என்னை லகூனுக்கு (ஆறு கடல்ல சேர்ற எடத்துல இருக்குற உப்பங்கழி) கூட்டிட்டுப் போயி அலையாத்தி மரத்து வேரு, நாரை, கொக்கு எல்லாம் காமிச்சவரு அவருதான், இப்ப என் பசங்களுக்கு அதை அவரே காமிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

போன உடனே சொல்லிட்டாரு, "மோட்டாரு போயிடுச்சுடா தம்பி, புதுசுதான் வாங்கணுமாம்."

என்ன கோளாறுன்னா, காலையில ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆகும், மெதுவா ஓட்டுனா ஒரு குறையும் இல்ல, பாதிக்கு மேல முறுக்குனா ஒரு அஞ்சு நிமிஷம் நல்லா போகும், அப்புறம் மூச்சு திணறுற மாதிரி இழுத்து இழுத்து அப்படியே அணைஞ்சிடும். ஒரு பத்து நிமிஷம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப அதே கதை. இதுக்கு டவுன்ல ஒரு பட்டறையில (பேரு வேணாம்) முதல்ல கார்பரேட்டர் கிட்டு, பிளக்குன்னு 4,800 ரூபா வாங்கியிருக்காங்க. சரியாகல. ரெண்டாவது தடவை போனப்ப சிடிஐ (பிளக்குக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) போச்சுன்னுட்டாங்க, மூணாவது தடவை இதுக்கெல்லாம் இனிமே சாமான் வராது, புதுசு எடுத்துக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் சித்தப்பாவோட ஒரு தடவை போயி பார்த்தேன். ஒரு டிரம்ல தண்ணி ரொப்பி மோட்டார மாட்டி ஸ்டார்ட் பண்ணாங்க, ஐட்லிங்ல அழகா ஓடுச்சு, "பாருங்க நல்லாத்தானே ஓடுது"ன்னாங்க. மூணு தடவையும் நடந்தது இதேதான். டிரம்ல ஐட்லிங்ல ஓடுறப்ப மோட்டார் குடிக்கிற பெட்ரோல் ரொம்ப கொஞ்சம், ஆத்துல ஆள ஏத்திக்கிட்டு ஃபுல்லா முறுக்குறப்பதான் அதுக்கு நெறைய வேணும், இந்த கோளாறு அப்பதானே வெளிய வரும்! தண்ணியில எறக்கி லோடு குடுத்து பார்க்காம ஒருத்தர்கிட்ட 4,800 ரூபா வாங்குனது எனக்கு இன்னும் மனசு ஆறல, சித்தப்பா ஒரு நாள் பூரா நண்டு புடிச்சாலும் அவ்வளவு பார்க்க மாட்டாரு.

மறுநாள் சொந்தக்காரர் ஒருத்தர் மல்லிப்பட்டினத்துல ஒரு பாய் இருக்காரு, ஓபிஎம் (போட்டுக்கு வெளிய மாட்டுற மோட்டார்) வேலை அத்துப்படின்னாரு. லோடு ஆட்டோவுல மோட்டார், டேங்க், ஓஸ் (பெட்ரோல் போற ரப்பர் குழாய்) எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல அதிராம்பட்டினம் தாண்டி போனோம். இன்னும் தடைக்காலம் முடியல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, அதனால துறைமுகத்துல எல்லா போட்டும் வரிசையா நிக்குது, எங்க பார்த்தாலும் வெல்டிங், பெயிண்ட், இன்ஜின் பிரிச்சு போட்ட வேலை. பட்டறைக்காரங்களுக்கு மூச்சு விட நேரம் இல்லாத சீசன் அது. அந்த நேரத்துலயும் பாய் முடியாதுன்னு சொல்லல, உக்காருங்க தம்பின்னு டீ சொல்லிட்டு பதினோரு மணிக்கு வந்தாரு.

அவரு ஸ்பேனர தொடவே இல்ல முதல்ல. கேள்விதான் கேட்டாரு. எவ்வளவு நேரம் ஓடி நிக்குது, நிக்கிறப்ப டக்குன்னு நிக்குதா இல்ல தேஞ்சு தேஞ்சு நிக்குதா, பெட்ரோல் எப்ப போட்டது, ஆயில் எப்படி கலக்குறீங்க. டக்குன்னு நின்னா கரண்ட் பக்கம் சந்தேகப்படணும், தேஞ்சு நின்னா பெட்ரோல் பக்கம்னாரு. எப்பவும் அப்படியே இருக்காதாம், ஆனா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு அது சொல்லிடுமாம்.

பெட்ரோல் தை மாசம் போட்டது, அரை டேங்க் அப்படியே கெடந்திருக்கு. அதுல அடியிலேர்ந்து கொஞ்சம் உறிஞ்சி வெள்ளை கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வெயில்ல வச்சாரு. ரெண்டு நிமிஷத்துல அடியில ஒரு விரக்கடை அளவுக்கு கலங்கலா தனியா ஒரு தண்ணி, மேல ஆயில் கலர்ல பெட்ரோல், நடுவுல கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்குது. இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் மாதிரி உப்பங்காத்துல அரை டேங்க்கா மாசக்கணக்குல வச்சா ஒரு கட்டத்துல எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து அடியில எறங்கிடும். நம்ம கலக்குன டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேல இருக்குற பெட்ரோலோடயே நின்னுடும், அடியில இருக்குறதுல ஆயிலே இருக்காது. டேங்க் ஓஸ் உறிஞ்சுறது அடியிலேர்ந்துதானே. ஆயில் இல்லாம டூ ஸ்ட்ரோக் ஓடுனா பிஸ்டன் புடிச்சுக்கும், இவ்வளவு நாள் புடிக்காம இருந்ததே பெரிய விஷயம்.

டேங்க்க கழுவி புது பெட்ரோல் போட்டு, அவரு கூட்டாளியோட பைபர் போட்டுல மாட்டி துறைமுகத்துக்கு வெளிய போனோம். அஞ்சு நிமிஷம், திரும்ப அதே திணறல். பாய் மோட்டார பார்க்கல, ஓஸ் நடுவுல இருக்குற, கையால அமுக்கி பெட்ரோல் ஏத்துற ரப்பர் பம்ப தொட்டு பாருங்கன்னாரு. காத்து போன பலூன் மாதிரி சப்பையா ஒட்டிப் போயிருக்கு. இதுதான் எனக்கு அன்னிக்கு கிடைச்ச பாடம்: மோட்டார் திணறுறப்ப அந்த பம்பு சப்பையா இருந்தா பெட்ரோல் அதுக்கு முன்னாடியே அடைபடுது, அதாவது டேங்க் பக்கம். பம்பு உப்பலா இருந்து, கையால அமுக்குனா மோட்டார் பிக்கப் ஆச்சுன்னா டேங்க் பக்கம் நல்லாருக்கு, மோட்டார்ல இருக்குற பெட்ரோல் பம்போட டயாப்ரம் (உள்ள இருக்குற மெல்லிசு சவ்வு) கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட்டு!

டேங்க் மூடியில இருக்குற காத்து ஸ்க்ரூவ தொறந்து பார்த்தாச்சு, மூடியவே கழட்டியும் பார்த்தாச்சு, அப்பவும் சப்பைதான். அப்புறம் பாய் தன்னோட ஓஸ எங்க டேங்க்ல மாட்டுனாரு. கால் மணி நேரம் ஃபுல்லா முறுக்கி மனோரா கோபுரம் தெரியுற பக்கம் வரைக்கும் ஓட்டுனோம், ஒரு இருமல் கூட இல்ல. சித்தப்பா முகத்த பார்க்கணுமே, பேச்சே வரல அவருக்கு.

கரைக்கு வந்து பழைய ஓஸ பிளேடால நீளவாக்குல கிழிச்சு காமிச்சாரு. வெளிய பார்க்க புதுசு மாதிரி இருக்கு, உள்ள வெங்காயத் தோலு மாதிரி ஒரு மெல்லிசு லேயர் உரிஞ்சு தொங்குது. மெதுவா இழுக்குறப்ப அது ஓரமா கெடக்கும், வேகமா இழுத்தா வழியில வந்து மூடிக்கும், மோட்டார் நின்ன உடனே மறுபடி விலகிடும். அதான் பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகியிருக்கு. இந்த பெட்ரோல் வர்றதுக்கு முந்தி செஞ்ச ரப்பருக்கு எத்தனால் ஆகாதுன்னாரு, இப்ப வர்ற பெட்ரோலுக்குன்னு செஞ்ச ஓஸா பார்த்து வாங்கணுமாம்.

"தம்பி, இன்ஜின் நல்லாருக்கு. அதுக்கு சோறுதான் போகல."

அத்தோட விடல. ரெண்டு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் (உள்ள அழுத்தம்) பார்த்தாரு, ஒண்ணு 118, இன்னொண்ணு 115. ரெண்டுக்கும் பத்து சதவீதத்துக்குள்ள வித்தியாசம் இருந்தா பயப்பட வேணாமாம். பிளக்கு ரெண்டும் ஈரமா கரி புடிச்சிருந்துச்சு, ஏன்னா சித்தப்பா கண்ணளவுல ஆயில் ஊத்துறவரு, 10 லிட்டருக்கு அரை லிட்டர் ஊத்தியிருக்காரு. இந்த மோட்டாருக்கு 50க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி போதும். மோட்டார் சூடாகாம இருக்க உள்ள ஓடி பின்னாடி பீச்சுற தண்ணியும் இழைபோல வந்துச்சு, நம்ம லகூன் ஆழமே இல்லாத சேத்து தண்ணி, அந்த சேறும் மணலும் வாட்டர் பம்பு இம்பெல்லர (தண்ணி ஏத்துற ரப்பர் சக்கரம்) தின்னுடும். அதையும் மாத்துனாரு. ஓஸ், இம்பெல்லர், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபா, பழைய சாமான் எல்லாத்தையும் கையில குடுத்துட்டாரு.

மத்த சர்வீஸ் பத்தி சுருக்கமா. ஒரு பெட்ரோல் பங்க்ல பிளாஸ்டிக் கேன்ல தரமாட்டேன்னாங்க, போட்டு டேங்க்கவே தூக்கிட்டு போனா குடுத்தாங்க, அது சரியான வழக்கம்தான். மல்லிப்பட்டினத்துல கடைகள்ல ஓஸ், கிளாம்பு, பிளக்கு எல்லாம் சுலபமா கிடைக்குது, மோட்டார் மாடல் நம்பர மட்டும் போட்டோ எடுத்துட்டு போங்க.

கடைசி மூணு நாளும் பசங்கள லகூனுக்கு கூட்டிட்டுப் போனாரு. இப்ப கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி டிரம்ல கொஞ்ச நேரம் ஓட்டி உப்ப கழுவுறாரு, அப்புறம் அந்த டிரம்லயே ஓஸ கழட்டிட்டு கார்பரேட்டர்ல இருக்குற பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடவிட்டு நிறுத்துறாரு. கியர் ஆயில் மட்டும் லேசா பால் கலந்த மாதிரி இருக்கு, சீல் வழியா தண்ணி எறங்குது. பாய் அளவு எழுதி குடுத்திருக்காரு, பொங்கலுக்கு ஊருக்கு போறப்ப ரெண்டு செட் சீல் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு போறேன்.