ஐந்தாவது சுற்றும் திங்கட்கிழமை காலையும்: ஒரே செடானில் ஆபீசும் டிராக்கும்

வருடத்துக்கு மூன்று நான்கு முறை டிராக்குக்குப் போகிறோம், மீதி நாளெல்லாம் அதே வண்டியில்தான் ஆபீஸ், கடை, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாம். இப்படிப்பட்ட செடானுக்குக் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், முக்கால்வாசிப் பேர் ரீமேப்பில்தான் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) ஆரம்பிப்பார்கள். நான் இப்போதெல்லாம் எந்த மாற்றத்தையும் இரண்டு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன். எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும் ஐந்தாவது சுற்றில் இது என்ன செய்யும்? எல்லாம் ஆறிக் கிடக்கும் திங்கட்கிழமை காலையில் என்ன செய்யும்? முதல் சுற்றை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, முதல் சுற்றில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும்.

பேடும் ஆயிலுமா, பெரிய பிரேக் கிட்டா?

என் முதல் டிராக் நாளில் நான்காவது சுற்றிலேயே பாடம் கிடைத்துவிட்டது. நீளமான நேர்ச்சாலையின் முடிவில் பிரேக்கில் காலை வைத்தேன். பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை, பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு மிதித்த பிறகுதான் கொஞ்சம் பிடித்தது, அதற்குள் வண்டி வளைவைத் தாண்டி சரளைக் கற்களுக்குள் இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து பழைய பில்களைத் தேடினால், பிரேக் ஆயில் மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. கொதித்தால் ஆவிக்குமிழி வரும், திரவத்தை அழுத்த முடியாது ஆனால் ஆவியை அழுத்தலாம், அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. நான்கு வருடம் ஊரில் ஓட்டியபோது இது தெரியவே இல்லை. 1,400 கிலோ வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் பிரேக்குகள் விழுங்குவது சுமார் 195 கிலோஜூல். அதே வண்டியை 160-லிருந்து 80-க்குக் கொண்டுவர ஆயிரத்துக்கும் மேல், அதாவது ஐந்து மடங்குக்கு மேல், அதுவும் சுற்றுக்கு இரண்டு மூன்று முறை!

சரி, இதற்கு மருந்து என்ன? பெரிய டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), பேடை அதில் அழுத்தும் நான்கு பிஸ்டன் காலிப்பர் என்று பளபளவென்று வரும் கிட் ஒரு பக்கம். நல்ல பேடும் (டிஸ்க்கில் உரசிப் பிடிக்கும் கட்டை), 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய வகை ஆயிலும் இன்னொரு பக்கம். கிட் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி பிரேக்கே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை வேலை செய்யவைக்கும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். கிட் தருவது சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் இரும்பு. கூடவே சக்கர எடை ஏறும், பல வண்டிகளில் பழைய ரிம் உள்ளே நுழையாது, முன்-பின் பிரேக் சமநிலையும் மாறலாம். இன்ஜினை மாற்றாத ஒரு செடானை இருபது நிமிடம் ஓட்டி இறக்குகிறவருக்கு இது தேவையே இல்லை என்பேன். துளை போட்ட டிஸ்க்கும் வேண்டாம், சூட்டில் துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். துளையில்லாத சாதா டிஸ்க் போதும்.

பேடில்தான் யோசிக்க வேண்டும். முழுப் பந்தய பேட் ஐந்தாவது சுற்றில் பிரமாதமாக இருக்கும். திங்கட்கிழமை காலை முதல் சிக்னலில் மரக்கட்டையை அழுத்தின மாதிரி இருக்கும், சூடு ஏறும் வரை பிடிக்காது, கிறீச்சென்று கத்தும், டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். ஆபீஸ் வண்டிக்கு நடுவில் ஒன்று போதும், ரோட்டில் குளிரிலும் பிடிக்கும், டிராக்கில் கம்பெனி பேடைவிட நன்றாகத் தாங்கும் வகை. டிராக்குக்கு முதல் நாள் இரவு பேடை மாற்றிக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியவிட வேண்டும், ஒரே டிஸ்க்கில் இரண்டு வகைப் பேடின் படலம் கலந்தால் ஸ்டீயரிங் நடுங்கும்.

இன்னொரு விஷயம். பெடல் உள்ளே போனால் குற்றவாளி ஆயில். பெடல் கல் மாதிரி நின்றும் வண்டி நிற்காவிட்டால் பேட். எது நடந்தது என்று தெரியாமல் பணம் செலவழிக்காதீர்கள். அப்புறம், ஆயில் டப்பாவில் டாட் 5 என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம், அது சிலிக்கான், மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும். பெயர் வைத்தவர்களுக்கு என்ன கோபமோ.

டயர்: இருப்பதா, ஒட்டும் ரகமா, இரண்டு செட்டா?

என் கருத்து, முதல் இரண்டு மூன்று முறை இருக்கிற டயரோடு போங்கள். சாதாரண டயர் சீக்கிரமே கத்த ஆரம்பிக்கும், வழுக்கும்போதும் மெதுவாகச் சொல்லிவிட்டு வழுக்கும், கற்றுக்கொள்ள அதைவிட நல்லது கிடையாது. ஒட்டும் டயர் உங்கள் தப்பையெல்லாம் மூடி மறைத்துவிட்டு, கைவிடும்போது ஒரேயடியாகக் கைவிடும். அதோடு டயர் அதிகம் பிடித்தால் பிரேக்கை அதிகம் மிதிப்பீர்கள், சூடும் ஏறும். பழைய ஆயிலோடு புதுப் பிடிமானத்தை வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான வரிசை.

டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். ஊருக்குள் ஓட்டுவதற்கான டயரில் 400, 500 என்று இருக்கும், டிராக் பக்கம் சாய்ந்த ரோட்டு டயரில் 200. எண் குறையக் குறைய சீக்கிரம் தேயும், பொதுவாக நன்றாக ஒட்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வதால் ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 240-உடன் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. 200 வகையை எல்லா நாளும் ஓட்டினால் நன்றாகத்தான் இருக்கும், சில மாதத்தில் தேய்ந்து பர்ஸைக் கடிக்கும் வரை. அதற்கும் மேலே போய் பாதி ஸ்லிக் (பள்ளமே இல்லாத பந்தய டயர்) மாதிரி இருக்கும் ரகத்தில் மழைக்காலத்து ரோட்டில் போகவே கூடாது, தண்ணீரை வெளியே தள்ளப் போதுமான பள்ளங்கள் அதில் இல்லை.

இரண்டாவது ரிம்மும் டயரும் வைத்துக்கொள்வது காகிதத்தில் சரியான விடை. ஆனால் அந்த நான்கு சக்கரத்தை வைக்க வீட்டில் இடம் வேண்டும், டிராக் வரை கொண்டுபோக வேண்டும், அங்கே ஜாக்கியைப் போட்டு மாற்ற வேண்டும், மாலையில் களைத்துப்போய் மறுபடி மாற்ற வேண்டும். வருடத்துக்கு மூன்று முறைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ட்ரெட்வேர் 300 சொச்சம் இருக்கும் நல்ல கோடைக்கால டயர் ஒரே செட் போதும். ஒன்று மட்டும், புத்தம் புதுசாகப் போட்டுக்கொண்டு டிராக்குக்குப் போகாதீர்கள். ஆழமான பள்ளத்துக்கு நடுவே நிற்கும் ரப்பர் கட்டைகள் ஆடி ஆடிச் சூடேறி, தோள்பட்டை ஓரத்தில் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். பாதி தேய்ந்த டயர்தான் அங்கே நன்றாக ஓடும்.

காற்று இலவசம், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. சில சுற்றுகளில் அழுத்தம் ஆறு எட்டு பிஎஸ்ஐ ஏறிவிடும். சூட்டோடு அளந்து இறக்க வேண்டும். டயர் எவ்வளவு மடிகிறது என்று தெரிய ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு இரண்டு சுற்று போய் வாருங்கள், கோடு எங்கே அழிந்திருக்கிறது என்பது கதையைச் சொல்லிவிடும். பல டயர்களில் பக்கவாட்டில் குட்டி முக்கோணம் அச்சிட்டிருக்கும், தேய்மானம் அதைத் தாண்டிக் கீழே போனால் காற்று போதவில்லை. இங்கேயும் திங்கட்கிழமை காத்திருக்கிறது: சூட்டில் இறக்கிய டயர் மறுநாள் காலை ஆறியபின் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும். கிளம்பும் முன் நிரப்பிவிடுங்கள்.

சஸ்பென்ஷன்: தாழ்த்துவதா, விட்டுவிடுவதா?

பெரும்பாலான செடான்களில் முன்னால் மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் அமைப்பு). வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் வெளியே சாய்ந்துவிடும், டயர் தன் ஓரத்தில் ஓடும். கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வை மாற்றும் போல்ட்) போட்டு முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை உள்ளே ஒன்றரை முதல் இரண்டு டிகிரி வரை சாய்த்து அலைன்மென்ட் பார்த்தால் வளைவில் வித்தியாசம் உடனே தெரியும். தினமும் ஓட்டினால் உள்பக்கம் தேயாதா என்று கேட்பார்கள். தேயும், ஆனால் டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ கோணம்தான் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது), அதைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சமாளிக்கலாம்.

தாழ்த்தும் ஸ்பிரிங் பார்க்க அழகு, அதோடு சரி. சக்கரம் மேலே கீழே போக இடம் குறைந்து, வளைவின் நடுவில் சஸ்பென்ஷனின் தடுப்பு ரப்பரில் இடித்து நிற்கும், அந்த நொடியில் முன்பக்கம் பிடியை விட்டு நேராகப் போகும். மலிவு காயில்ஓவர் (திருகி மாற்றிக்கொள்ளும் ஸ்பிரிங்-ஷாக் செட்) அதைவிட மோசம். முப்பத்திரண்டு கிளிக் என்று திருகி வைத்திருப்பார்கள், எதைத் திருகினாலும் குதிக்கும். உங்கள் ஷாக் அப்சார்பர் லட்சம் கிலோமீட்டர் ஓடியதா? புதிதாகக் கம்பெனி ஷாக் போடுங்கள், அதுதான் உங்களுக்கு அப்கிரேடு.

ரீமேப்பும் மற்றதும்

டர்போ வண்டிக்கு ரீமேப் கொடுக்கும் இழுவை நிஜம், திங்கட்கிழமைக் கேள்விக்கு அருமையான பதில். டர்போ இல்லாத இன்ஜினில் கிடைப்பது சொற்பம். ஐந்தாவது சுற்றிலோ, உள்ளே போகும் காற்று சூடாகி இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூவே சக்தியைக் குறைக்க ஆரம்பிக்கும், சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் என்றால் அதற்கு முன்பே சூட்டு எச்சரிக்கை வரும். சக்தி குறையாமல் இருந்தாலும் என்ன, அதே பிரேக்கை நோக்கி இன்னும் வேகமாகப் போய்ச் சேர்வீர்கள். அந்தப் பணத்தில் புது இன்ஜின் ஆயிலை மேல் கோடு வரை நிரப்பி, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனால் மிச்சம் நிறைய இருக்கும்.

ஹெல்மெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஹெல்மெட்டைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை கார் பந்தயத்துக்கானது, தீயையும் வண்டிக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டுக் கம்பியில் மோதுவதையும் சேர்த்துச் சோதித்தது. எம் முத்திரை பைக்குக்கு, அதில் அந்தச் சோதனைகள் இல்லை. நான்கு முனை பெல்ட்டைக் கம்பெனி சீட்டில் கட்டுவது வேண்டவே வேண்டாம். வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால் மூன்று முனை பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடமிருக்கும், நான்கு முனையில் இருக்காது.

மிச்சப் பணத்தில் நான் போன முறை செய்தது, பக்கத்து சீட்டில் ஓர் அனுபவசாலியை அரை நாள் உட்கார வைத்தது. மூன்று சுற்று வாயே திறக்காமல் வந்தார். நான்காவதில், “பாதி மிதியில் தேய்த்துக்கொண்டே போறீங்க, முழுசா மிதிங்க, சீக்கிரம் விடுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை கடைசிச் சுற்று வரை பெடல் இடம் மாறவே இல்லை.