சின்னப் போத்தலா, பெரிய போத்தலா? கொரோனா மாற்றிய மென்பான வியாபாரம்

திருகோணமலையில் கோட்டைக்குள்ளால் ஏறி கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு மென்பானம் என்றால் கையில் பிடிக்கிற சின்னப் போத்தல்தான். கடை வாசலிலேயே நின்று, குளிர் போவதற்குள் குடித்துவிட்டு நடப்பார்கள். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டதும் அந்த வியாபாரம் படுத்தது. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் வெளிநாட்டவர்களுக்கான சீசனும் அந்த வருடம் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையம் திரும்பத் திறந்ததே 2021 ஜனவரியில்தான்.

அந்த இடத்துக்கு வந்தது 1.5 லீற்றர் போத்தல். ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்தில் அரிசி, பருப்பு, சீனியோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு வீடு போகலாம். லீற்றர் கணக்கில் விலையும் குறைவு. கடைக்காரருக்கு குளிரூட்டி வேண்டாம், தட்டில் அடுக்கினால் போதும்.

உலகம் முழுக்கவும் இதே கதைதான். கொக்கா-கோலாவின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி உணவகம், திரையரங்கு, மைதானம் என்று வீட்டுக்கு வெளியே வருவது. 2020 இன் இரண்டாம் காலாண்டில் அதன் வருமானம் 28 சதவீதம் விழுந்தது. பெப்சி நிறுவனத்துக்கு விழுந்தது சுமார் 3 சதவீதம்தான். அந்த நிறுவனம் சிப்ஸும் ஓட்ஸும்கூட விற்கிறது; வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் வாங்கிய அவைதான் அதைத் தாங்கிப் பிடித்தன. குடிக்கிற ஆசை குறையவில்லை, குடிக்கிற இடம்தான் மாறியது.

சரி, எது நல்லது? வீட்டுக்கு மலிவு பெரியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பயம் சீனியில்தான். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானம் என்றால், பெரிய போத்தல் ஒன்றில் 150 கிராம். 2016 முதல் நம் நாட்டுப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால்தான் சிவப்பு. ஆகவே இந்தப் போத்தலில் மஞ்சள்தான் இருக்கும், வீட்டில் யாரும் பயப்பட மாட்டார்கள். மூடியைத் திறந்துவிட்டால் வாயு போய்விடும் என்று அன்றைக்கே பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். சின்னப் போத்தல் தானாகவே ஓர் இடத்தில் முடிகிறது.

கடைக்காரரின் பக்கமும் அப்படியே. சின்னப் போத்தல் குடிக்க நிற்கிறவர் கூட ஒரு வடையோ ரோல்ஸோ கேட்பார், அப்புறம் இன்னொருவரையும் கூட்டி வருவார். பெரிய போத்தல் வாங்குகிறவர் நேரே வீடு போய்விடுவார். உவர்மலை மாதிரிக் குடியிருப்புப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் பெரியதை நம்பலாம். டச்பே கடற்கரைப் பக்கம் கடை என்றால், குளிரூட்டியில் பெரியதுக்கு ஒரு தட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

இளநீரை இந்த இரண்டோடும் நான் சேர்க்கவில்லை. வெட்டியதும் குடிக்க வேண்டியது அது. தெருவில் ஆள் இல்லாத நாளில் சின்னப் போத்தலைவிட அதற்குத்தான் அடி அதிகம்.